தண்ணீர் குடிக்காத எலி

கோபாலபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பதினெட்டு வருடங்களாக விலங்கியல் எடுக்கிறேன். எனக்குப் பிடித்த பாடம் பாலைவன எலி. அது வாழ்நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடும். தின்கிற காய்ந்த விதை உடம்புக்குள் எரிந்து சக்தியாகும்போது கொஞ்சம் தண்ணீரும் உண்டாகும். அதை வைத்தே காலம் தள்ளும். அதற்கு வியர்க்காது. பகல் முழுக்க வளைக்குள் கிடந்து உடம்பு சூடேறாமல் பார்த்துக்கொள்ளும். சிறுநீர் கெட்டியாக, சொட்டுச் சொட்டாகத்தான் போகும்.

இதையெல்லாம் சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதுபோலப் பெருமையாகச் சொல்வேன். ஆதம்பாக்கம் வீட்டிலிருந்து காலை ஏழு மணிக்கு ஒரு காபியோடு கிளம்பினால், சாயங்காலம் வீடு திரும்பும்வரை நானும் தண்ணீரைத் தொடமாட்டேன். எங்கள் பள்ளி டாய்லெட்டைப் பார்த்தவர்கள் ஏன் என்று கேட்கமாட்டார்கள். என் வகுப்பில் எந்தப் பெண்ணும் எழுந்து வெளியே போகவும் முடியாது. "நாப்பது நிமிஷம் அடக்க முடியாதா?" என்பேன்.

போன ஏப்ரலில் இடுப்பில் வலி பிடுங்கி எடுத்தது. காய்ச்சல் வேறு. ஆழ்வார்பேட்டை டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, கிட்னியில் கல் என்றார்.

"பகல்ல எவ்ளோ தண்ணி குடிப்பீங்க?"

"குடிக்கறதில்ல டாக்டர். பழகிடுச்சு."

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"ஜுவாலஜி டீச்சர்."

அவர் நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தார். பிறகு சீட்டில் 'தண்ணீர் மூன்று லிட்டர்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

ஜூலையில் புது வகுப்புக்கு அதே எலியை நடத்தினேன். மதியம் கடைசி பீரியட். "நம்ம உடம்பு எலி உடம்பு இல்ல, தண்ணி குடிங்க" என்று புதிதாக ஒரு வரி சேர்த்துக்கொண்டேன். அப்போதுதான் பெஞ்சுகளைக் கவனித்தேன். எல்லா பாட்டிலும் வீட்டில் நிரப்பியபடியே இருந்தது.

"ஏன் யாருமே குடிக்கல?"

முன் பெஞ்சுப் பெண் எழுந்தாள். "குடிச்சா போகணும் மிஸ். நீங்க வுட மாட்டீங்கன்னு போன வருஷத்து அக்காங்க சொன்னாங்க. எனக்கு நீர்க்கடுப்பு வந்துதான் போன வாரம் ரெண்டு நாள் லீவு. நீங்ககூட திட்டினீங்களே."

திட்டியது ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. கல் வந்தபோதுகூட இப்படி வலிக்கவில்லை.

"இப்ப யாருக்குப் போகணும்?" என்றேன்.

வகுப்பே எழுந்து நின்றது. தாழ்ப்பாள் உள்ள டாய்லெட் எங்கள் மாடியில் இரண்டுதான். காலையிலிருந்து ஒன்றரை லிட்டர் குடித்திருந்த நானும் போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டேன்.