சாரலை மழை என்று சொல்லாதவர்

வனத்துறையில் களப்பயிற்சிக்காக என்னைத் தென்காசிக்கு அனுப்பியபோது, மழையைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். பிறந்தது ராமநாதபுரம் பக்கம். எங்கள் ஊரில் வானத்திலிருந்து நாலு சொட்டு விழுந்தாலே மழைதான். அதற்கு வேறு பெயர் தேடிக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை கிடையாது.

அறுபதுகளின் ஆரம்பம். குற்றாலத்துக்கு மேலே ஒரு சரிவில் தேக்குக் கன்று நடவேண்டும். கன்றுகள் தென்காசிப் பக்கத்து நாற்றங்காலில் தயாராக இருந்தன. மலைமேல் மழை பிடித்ததும் நடவு என்பது ரேஞ்சரின் உத்தரவு. மேலே போய்ப் பார்த்துவந்து சொல்வது வாட்சரின் வேலை. அதைக் கேட்டு ரேஞ்சரிடம் சொல்வது என் வேலை. வாட்சர் இலத்தூர்க்காரர். பல வருஷமாகத் தற்காலிகமாகவே இருந்தவரை அந்த வருஷம் நிரந்தரமாக்கப்போவதாகப் பேச்சு. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார். சர்க்கார் வேலை என்று வாய்நிறையச் சொல்லிக்கொள்ளும் நாளுக்காகக் காத்திருந்தார்.

தினமும் அவர் மலையிறங்கித் தென்காசி வந்துசேர்வதற்குள் காற்று அவர் சட்டையைக் காயவைத்துவிடும்.

"மேலே மழையா அண்ணாச்சி?" என்பேன்.

"மழை இல்ல தம்பி."

ரேஞ்சர் சேலத்துக்காரர், இந்தப் பக்கத்துக்குப் புதியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அருவிக்குக் குளிக்கப் போனார். அருவிக்குப் போய்ச் சேருமுன்னே எல்லோரும் தொப்பலாக நனைந்துவிட்டார்கள். மறுநாள் காலையில் வாட்சரைக் கூப்பிட்டு நிறுத்தினார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"நேத்து மேலே போனியா?"

"போனேன் ஐயா."

"மழை உண்டா?"

"இல்லீங்க ஐயா."

"என் குடும்பமே நனைஞ்சு வந்திருக்கு. மழை இல்லைங்கிறியே?"

"அது சாரல்லா ஐயா."

ரேஞ்சருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தன்னைக் கேலி செய்வதாக நினைத்துக்கொண்டார். வாட்சர் மலைக்கே போகாமல் வீட்டில் உட்கார்ந்து இத்தனை நாளும் கதை அளந்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார். "போகலைன்னு ஒத்துக்கோ, மன்னிச்சு விடறேன். சாயங்காலம் மேலதிகாரி வர்றார். நிரந்தர வேலைக்கு உன் பேரைச் சொல்லணுமா வேண்டாமான்னு அதுக்குள்ள நீயே முடிவு பண்ணு" என்றார்.

வெளியே வந்ததும் வாட்சரைப் பிடித்துக்கொண்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லவேண்டும். "அண்ணாச்சி, மழைதான், தெரியாமச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்களேன். குடியா முழுகிப்போகும்?"

"எப்படித் தம்பி சொல்லுவேன்? மழைன்னா மண்ணு கரைஞ்சு ஓடணும்லா? அது ஐப்பசியில வாரது. இப்பம் விழுதது சாரல். பச்சப்புள்ள நனைஞ்சாக்கூட சளி பிடிக்காது. இத மழைன்னு சொன்னா, இத்தன நாளும் அங்கன போகாமப் பொய் சொன்னவன்னு ஆயிருமே."

நான் திரும்ப உள்ளே போனேன். கன்றுக்கு வேண்டியது ஈரம், அது எந்தப் பெயரில் வந்தால் நமக்கென்ன, நாம் கேட்ட கேள்விதான் சரியில்லை என்றேன். நம்பாவிட்டால் பியூனைக் கேளுங்கள் என்றேன். ஆய்க்குடியிலிருந்து அப்போதுதான் சைக்கிளில் வந்து இறங்கிய பியூன், தலையைத் துவட்டிக்கொண்டே, "மழையா? ஒரு பொட்டு இல்லையே ஐயா. சாரல்தான் நல்லா விழுது" என்றார்.

ரேஞ்சர் நாளைக்கே நடவைத் தொடங்கச் சொன்னார். வாட்சர் விஷயம் என்று நான் இழுத்தேன். "பார்க்கலாம்" என்றார். சாரலுக்கும் மழைக்கும் ஊருக்கு ஊர் அர்த்தம் மாறலாம். ஆபீசில் சொல்லும் 'பார்க்கலாம்' எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

நிரந்தர வேலை வேறொருவருக்குப் போனது. வாட்சர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தபிறகும் போனது. அதுதான் எனக்கு ஆறவில்லை, இன்றுவரை ஆறவில்லை. எதிர்த்துப் பேசியவனாகவே அவரை ரேஞ்சர் கணக்கில் வைத்துவிட்டார்.

வாட்சர் பழையபடி மலையேறி இறங்கினார். நடவு முடியும்வரை தினமும் வந்தார். ஆனால் மழை என்ற சொல்லையும் சாரல் என்ற சொல்லையும் அவர் எங்களிடம் சொல்லவே இல்லை. மேலே நனைந்த தன் துண்டை, வழியில் காயாதபடி தேக்கிலையில் சுருட்டிக் கொண்டுவருவார். என் மேஜைக்கு முன்னால் நின்று அதைப் பிழிவார். தண்ணீர் தரையில் ஓடும்.

"பேரு நீங்களே வச்சுக்கிடுங்க தம்பி" என்பார்.