டாக்டர் சொன்னதும் அவன் சொன்னதும்

மைசூரில் நான் விரலால் பேசித்தான் குடித்தனம் நடத்தினேன். மண்டி மொஹல்லா காய்கறிக் கடையில் கத்தரிக்காயைக் காட்டி இரண்டு விரல், கொத்தமல்லியைக் காட்டி ஒரு விரல். பவானியிலிருந்து வந்து ஆறு வருடமாகியும், கடைக்காரம்மா ஏதாவது கேட்டால் சிரித்து வைப்பேன். அவர் இன்னும் அரைக்கிலோ போட்டுவிடுவார். மற்ற எல்லாவற்றுக்கும் என் வீட்டுக்காரர் இருந்தார். கன்னடம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

விரல் நீட்ட முடியாத இடத்தில் ஒரு கட்டி வந்தது. பிறப்புறுப்பின் வாசலில், வலது பக்கம், பட்டாணி அளவில். வலிக்கவில்லை என்று விட்டுவிட்டேன். பத்து நாளில் எலுமிச்சை அளவுக்கு வீங்கிச் சிவந்து கொதித்தது. தையல் மெஷின் முன்னால் உட்கார முடியவில்லை. நடந்தால் உயிர் போனது. காய்ச்சல் வேறு. சின்ன வயதில் தொடையில் கட்டி வந்தால் அம்மா சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துப் பற்றுப் போடுவார், இரண்டு நாளில் உடைந்துவிடும். அந்த ஞாபகத்தில் அதையே அங்கும் பூசினேன். தோல் வெந்து உரிந்தது. படிக்கிற பெண்களே, அந்த மடத்தனத்தை மட்டும் செய்யாதீர்கள்.

அலறல் கேட்டு வந்து பார்த்தவர், "எவங்கிட்ட வாங்கிட்டு வந்தே?" என்றார். முடியைப் பிடித்து இழுத்து என் தலையை மெஷினில் மோதினார். விழுந்தவளை அடிவயிற்றில் உதைத்தார். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவர் என்று எழுதக் கை கூசுகிறது, இனி அவன்தான்.

மறுநாள் காய்ச்சலில் நான் பிதற்றவும், வேறு வழியில்லாமல் டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டரம்மா "எஷ்டு தின ஆயிது?" என்றார். எத்தனை நாளாச்சு என்று அவன் எனக்குச் சொன்னான். என் புருவத்தைக் காட்டி ஏதோ கேட்டார். அதற்கு என்னைக் கேட்காமல் அவனே பதில் சொல்லிக்கொண்டான். மரத்துப்போக ஊசி போட்டும் கத்தி இறங்கியது தெரிந்தது. சீழ் பீய்ச்சி அடித்தது. பிறகு டாக்டர் அவனிடம் வெகுநேரம் பேசினார். வெளியே வந்து அவன் சொன்னது ஒரே வரி: "கண்டவங்கூடப் படுத்தா வர்ற வியாதியாம்."

அன்றே என் அண்ணனுக்குப் போன் போட்டு, "உன் தங்கச்சிய வந்து கூட்டிட்டுப் போ" என்றான். அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, வந்து கூட்டிப்போகிறேன் என்று மட்டும் அவனிடம் சொன்னார். டாக்டரே சொல்லிட்டாங்க என்று சொல்லிச் சொல்லி என் வீட்டுக்காரன் மூன்று நாள் அடித்தான். கடைசியில் எனக்கே சந்தேகம் வந்தது. பஸ் சீட்டிலிருந்து ஒட்டியிருக்குமோ, பொதுக் கக்கூஸோ என்று படுத்தபடி யோசித்தேன்.

நான்காம் நாள் கட்டு மாற்றப் போனேன். அவன் வெளியே நின்றான். வலியில் நான் "ஐயோ அம்மா" என்றதும் நர்ஸ் தமிழில் பேசினாள். தமிழும் புழங்கும் எல்லையோரக் கொள்ளேகாலத்துப் பெண். அவன் சொன்னதைச் சொன்னேன்.

"டாக்டரம்மா அப்படிச் சொல்லவே இல்லீங்க்கா. நானுந்தான் பக்கத்துல இருந்தனே. அந்த எடத்துல ஈரம் சுரக்கிற சுரப்பி இருக்குதுங்க. அதோட வாய் அடைச்சா நீர் கட்டிக்கும், கிருமி சேந்தா சீழ் புடிக்கும். கண்ணாலமாகாத புள்ளைக்குக்கூட வரும். மழிச்ச முடி உள்ளயே சுருண்டாலும் கட்டி வரும். சிலருக்குப் படுக்கைல தொத்துற வியாதியாலயும் வருமுங்க. சோதிச்சுப் பாத்தாச்சு, உங்களுக்கு அது இல்லைன்னு டாக்டரம்மா அவருகிட்டயே சொன்னாங்க. நாப்பது தாண்டினவங்களுக்கு மட்டும் புத்துநோயான்னு சதை எடுத்துப் பாக்கோணும்னாங்க, அவ்வளவுதான்."

எனக்கு அழுகை வரவில்லை, வெறி வந்தது. அவனைச் சட்டையைப் பிடித்து டாக்டர் முன்னால் இழுத்துவந்தேன். அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். ட்ரேயிலிருந்த கத்தரிக்கோல் என் கையில் இருந்தது. எப்போது எடுத்தேனோ தெரியாது.

"டாக்டரம்மா சொல்றத இப்பத் தமிழ்ல சொல்லுடா," என்றேன்.

டாக்டர் கன்னடத்தில் சொல்லச் சொல்ல, வியர்த்துக்கொண்டே ஒவ்வொரு வரியாகச் சொன்னான். விழுங்கிய இடத்தில் நர்ஸ் எடுத்துக்கொடுத்தாள்.

போனில் அண்ணன் பெருமூச்சு விட்டார். "அப்ப ஒண்ணுமில்லியே. நல்லதாப் போச்சு. நான் வரல சாமி, அங்கயே அனுசரிச்சு இரு."

"என்னை அடிச்சுக் கொல்றாண்ணா."

"ஆம்பளைக்குக் கோவம் வரத்தான் செய்யும். வெச்சிர்றேன்."

கெட்டுப்போனவளாக இருந்திருந்தால் ஊருக்குப் போயிருப்பேன். கெடவில்லை என்று தெரிந்துவிட்டதால் அவனோடு இருக்க வேண்டுமாம். கத்தரிக்கோலை ட்ரேயில் போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

சாமராஜநகர் போகும் பஸ் நின்றது. காயம் படாமல் இடது தொடையை மட்டும் சீட் விளிம்பில் வைத்து, பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கண்டக்டர் எங்கே என்று கேட்டார். "நஞ்சன்கூடு," என்றேன். அங்கே எனக்கு யாரும் இல்லை. மைசூருக்கும் பவானிக்கும் நடுவில் அந்த நேரத்தில் வாயில் வந்த ஊர்ப்பெயர் அது ஒன்றுதான்.