நத்தாரன்று மிஞ்சிய தட்டு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் எந்த ‘ர’ வரும் என்று இன்றைக்கும் தடுமாறுவேன். முப்பது வருடமாகப் பேக்கரியில் பாண் ரொட்டிக்கு மா பிசைந்த கை இது. பேனையை அழுத்திப் பிடித்துத் தாளைக் கிழித்துவிடுகிறேன். பிழைகளைத் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் எழுத வந்தது ஒரு பொய்யைப் பற்றி. இருபத்தொரு வருடத்துக்கு முன் என் மனைவியிடம், “நான் நித்திரையாக இருந்தேன்” என்று சொன்னேன். நான் நித்திரையாக இருக்கவில்லை. இந்த வருடம் எங்கள் வீட்டில் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு, ஆயத்தம் செய்யத் தொடங்கிய நாளிலிருந்து, அதை அவளிடம் சொல்வதா, சொல்லாமலே செத்துப்போவதா என்பதுதான் எனக்கு இருந்த ஒரே யோசனை.

எங்கள் வீடு கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிறது. மகன் கட்டாரில் வேலை செய்கிறான். கடல் ஊருக்குள் வந்து போய் இரண்டு வருடத்துக்குப் பிறகு பிறந்தவன். ஆவணி மாதம் (எங்கள் கணக்கில் ஆவணி என்றால் ஓகஸ்ட், மார்கழி என்றால் டிசெம்பர்) ஒரு நாள் தொலைபேசியில் தாயோடு கதைத்தான்.

“அம்மா, மார்கழி இருபதாம் திகதி லீவுல வாறன். ஒரு தரமாவது எங்கட வீட்டுல நத்தார் செய்யுங்களன். மத்தவங்கட வீட்டுக் கேக்கத் திண்டு திண்டு வளந்தவன் நான்.”

“வா மனே, செய்வம்” என்றாள்.

அவ்வளவுதான். இருபது நத்தாருக்குப் பூசைக்குப் போய்வந்து, சோறும் பருப்பும் ஆக்கி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டவள் அவள். உப்புக் கேட்டால் தருவது போலச் சொல்லிவிட்டாள்.

அடுத்த நாளே ஒரு கொப்பி வாங்கிவரச் சொன்னாள். அவள் என்னை விடப் படித்தவள், நல்ல கையெழுத்து. மாதம் மாதமாகப் பிரித்து எழுதினாள். ஆவணியில் பூசணித் துண்டுகளைச் சீனியில் போட்டுத் தோசியும், இஞ்சிப் பாகும் காய்ச்சி வைப்பது. புரட்டாதியில் வீட்டுக்கு வெள்ளை அடிப்பது. ஐப்பசியில் பழங்களை வெட்டிச் சாராயத்தில் ஊறப்போடுவது. கார்த்திகை மழை பிடிக்க முதல் அரிசி மாவை இடித்து வறுத்து எடுப்பது. மார்கழி முதல் கிழமை கேக் சுடுவது. பத்தாம் திகதி, பாலன் யேசுவின் குடிலுக்குப் புல் வேண்டும் என்பதால் தட்டையான சட்டிகளில் நெல் முளைக்கப் போடுவது. கடைசியாகத் தட்டுகள்.

தட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நத்தாரன்று எங்கள் பக்கத்தில் பலகாரத்தைத் தட்டில் அடுக்கி, பின்னல் துணியால் மூடி, அயல் வீடுகளுக்குக் கொடுத்து அனுப்புவோம். எல்லாத் தட்டும் ஒரே மாதிரி இருக்காது. காத்தான்குடியிலிருந்து வந்து துணி விற்கிற முஸ்லிம் வியாபாரிக்குச் சாராயம் விடாத கேக் தனியாகச் சுட வேண்டும். திருவெம்பாவைக்கு விரதம் பிடிக்கிற வீடுகளுக்கு முட்டை சேர்ந்தது ஒன்றும் போகக்கூடாது, பயத்தம் பணியாரமும் வாழைப்பழமும்தான். யார் வீட்டுக்கு எது என்பதைப் பிசகாமல் செய்வதில் என் மனைவிக்கு அந்த நாளில் பெயர் இருந்தது.

கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை மட்டும் எனக்கு ஒத்துவராது. நான் கூச்சக்காரன். ஒரு வீட்டுக்குப் போனால் கதிரையைப் போட்டு இருத்துவார்கள், சோடா உடைப்பார்கள், கதை கேட்பார்கள். எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். அதனால் என் மகள் ஏழு வயதிலேயே தட்டுக் கொண்டுபோகப் பழகிவிட்டாள்.

2004ஆம் ஆண்டு நத்தாரன்று எல்லாத் தட்டும் போய், ஒன்று மட்டும் மிஞ்சியது. அது என் மனைவியின் பெரியம்மா வீட்டுக்கு உரியது. ஒழுங்கையின் கடைசி வீடு, அதற்கு அங்காலே கடல். அந்தத் தட்டுக்கு வைக்கும் தொதல் அல்வா இறுக நேரமாகி, அந்தி பட்டுவிட்டது. “நாளைக்கு நீதான் கொண்டுபோகணும்” என்று தாய் மகளிடம் சொன்னாள். அடுத்த நாள் ஞாயிறு. காலையில் என் மனைவி பாலத்தைத் தாண்டிப் பட்டணத்துக் கோயிலுக்குப் பூசைக்குப் போய்விட்டாள். நான் பேக்கரியிலிருந்து ஆறு மணிக்கு வந்து பாயில் படுத்திருந்தேன்.

மகள் வந்து என் தோளைத் தொட்டாள். நான் கண்ணைத் திறந்தேன். அவள் என்னையும் வரச் சொன்னாள். நான் அவளைத் தனியே போகச் சொன்னேன். போனாள்.

பிறகு சுனாமி வந்தது எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் என்னைத் தூக்கி மாமரத்தில் அடித்தது, நான் கிளையைப் பிடித்துக்கொண்டேன். மகளை மூன்றாம் நாள் வாவிக்கரையில் கண்டெடுத்தார்கள். பெண்களுக்கு உடலைக் காட்டவில்லை, தாய்க்கும் காட்டவில்லை. வீட்டில் இருந்த படங்கள் ஒன்றும் மிஞ்சவில்லை.

அகதிமுகாமாக இருந்த பள்ளிக்கூடத்தில் என் மனைவி என்னைப் பிடித்து உலுக்கி, “புள்ள எப்ப போனவள்? நீங்க பாக்கல்லையா?” என்று கேட்டபோது, நித்திரையாக இருந்தேன் என்ற அந்த வசனம் என் வாயில் வந்தது. அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. தான் முதல் நாள் சொன்ன சொல்லைக் கேட்டுத்தான் பிள்ளை தானாகத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள் என்று அன்றைக்கே தனக்குள் எழுதிவைத்துவிட்டாள். நான் அதை அழிக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், ஆண்டுத் திவசம் முடியட்டும், மகன் பிறக்கட்டும் என்று தள்ளித் தள்ளி இத்தனை வருடம் போய்விட்டது.

பேக்கரியில் மார்கழி வந்தால் பெண்கள் கேக் கலவையைத் தகரத் தட்டுகளில் ஊற்றி, பெயர் எழுதிய துண்டை ஒட்டி, எங்கள் போறணையில் சுட்டெடுக்கக் கொண்டுவருவார்கள். சிலர் பிள்ளைகளின் கையில் கொடுத்து அனுப்புவார்கள். துணி மூடிய தட்டோடு ஒரு பெண்பிள்ளை வாசலில் நின்றால் நான் விறகு எடுக்கப் பின்பக்கம் போய்விடுவேன். மற்றவர்கள் என் கூச்சம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இந்த ஆவணியில் பூசணித் தோசி காய்ச்சியபோது, சட்டியின் அடியில் ஒட்டிய சீனியைச் சுரண்டி ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு யன்னலில் வைத்தாள் என் மனைவி. முந்தி மகளுக்கு அப்படித்தான் வைப்பாள். அவள் யோசித்து வைக்கவில்லை, கை வைத்தது. பின்னேரம் எறும்பு மொய்த்திருந்தது. இரண்டு பேரும் கண்டோம். அவள் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள்.

அதற்குப் பிறகு வீட்டில் மூன்றாவது ஆள் இருக்கிற மாதிரியே இருந்தது. வெள்ளை அடிக்கும்போது சுவரில் தாழ்வான இடத்தில் தூரிகை தானாக மெதுவாகப் போகும். மகளுடைய உயரத்தை நான் கரிக்கட்டியால் கீறி வைத்த சுவர் அது இல்லை. அந்தச் சுவர் கடலோடு போய்விட்டது, இது பிறகு கட்டித் தந்த வீடு. தெரிந்தும் கை அந்த இடத்தில் நிற்கும்.

புரட்டாதி முடிய, தட்டுகளின் கணக்கை எழுத உட்கார்ந்தாள். நான் வீடுகளைச் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். சங்கக்கடையிலிருந்து கடற்கரைவரை ஒழுங்கையில் நடந்து போவது போலச் சொல்லிக்கொண்டு போனேன்.

“நில்லுங்க” என்றாள். “இந்த எட்டு வீடும் இப்ப எங்க இரிக்கு?”

இல்லை. அவை ஒன்றும் இல்லை. அத்திவாரம் கூட மணலுக்குள் போய்விட்டது. இன்றைக்கும் இருக்கிறவர்கள் போல, யார் வீட்டில் விரதம், யாருக்குக் கொக்கிஸ் பலகாரம் பிடிக்கும் என்றுகூடச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவளும் எட்டு வீட்டையும் எழுதிய பிறகுதான் கவனித்தாள்.

ஒவ்வொன்றாக வெட்டினாள். கடைசி வீட்டில் பேனையை நிறுத்தினாள். “பெரியம்மாட மகள் நாவற்குடாவுல இரிக்கா. அந்தத் தட்டு அவக்குப் போகணும். அத நானே கொண்டு போறன். புள்ளைட தலையில வைச்சது நான்தானே. என்ட வாயால சொன்ன சொல்லு.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கேத்தல் கொதிக்கிறது என்று எழுந்து போனேன்.

ஐப்பசி நடுவில் பழம் வெட்டும் நாள் வந்தது. மத்தியானம் சாப்பிட்ட பிறகு பாயை விரித்து, இரண்டு பலகையும் இரண்டு கத்தியும் வைத்து எதிரெதிரே உட்கார்ந்தோம். முந்திரிகை வற்றல், பேரீச்சம்பழம், தோசி, இஞ்சி.

“இஞ்ச பாருங்க, இது கேக்குக்கா மாட்டுக்கா? சின்னனா வெட்டுங்க. முப்பது வருசமா பேக்கரியில என்னத்தக் கிழிச்சீங்க?”

“நான் பாண் போடுறவன்.”

“ஓம், ஓம். பாணுக்குப் பல்லும் தேவையில்ல, பழமும் தேவையில்ல.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பொய்க்கு வாங்கியது போல இருந்தது. கத்தியை வைத்தேன்.

“நான் அண்டைக்கு நித்திரை இல்ல.”

“எண்டைக்கு?”

“அண்டைக்குக் காலத்தால. முழிச்சுத்தான் கிடந்தன். புள்ள வந்து கேட்டவள். நான்தான் போகச் சொன்னன்.”

அவள் கை உடனே நிற்கவில்லை. இன்னும் இரண்டு பேரீச்சம்பழத்தை வெட்டியது. பிறகுதான் நின்றது. திட்டுவாள், பலகையைத் தூக்கி எறிவாள் என்று பார்த்திருந்தேன்.

“என்ன கேட்டவள்?” என்றாள்.

“அப்பா வாங்க, ரெண்டு பேரும் போவம் எண்டவள்.”

“மறுகா?”

“எனக்கு ஒண்ணா எண்டன். பெரியம்மா பிடிச்சு இருத்திக் கதைப்பா, நீ குடுத்திட்டு ஓடி வா எண்டன்.”

“மறுகா?”

“சிரிச்சவள். அப்பாக்கு வெக்கம் எண்டு சொன்னவள்.”

“தலை இழுத்திரிந்தவளா?”

“ஒரு பக்கம் பின்னியிரிந்தது. மத்தப் பக்கத்து றிபனக் கையில வைச்சிரிந்தவள். பச்சை றிபன்.”

“செருப்பு?”

“போடல்ல.”

“தட்ட எப்பிடிப் பிடிச்சவள்?”

“நெஞ்சோட. காத்துக்குத் துணி பறக்காம நாடியால அமத்திக்கொண்டு.”

அவள் தன் நாடியைத் தொட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் குரல் உயர்ந்தது.

“இருபத்தொரு வருசம்! அவள்ட முகம் எனக்கு மறந்து போகுது, ஒரு படம் கூட இல்ல எண்டு எத்தனை தரம் அழுதிரிப்பன்? இவ்வளவையும் நீங்க மட்டும் வைச்சிரிந்தீங்க. பச்சை றிபன நீங்க வைச்சிரிந்தீங்க. எனக்குத் தரல்ல.”

குற்றத்தை அவள் மேல் ஏற விட்டேன் என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவளிடமிருந்து ஒன்றை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன் என்பது அந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது.

எழுந்து உள்ளே போய்விட்டாள். நான்கு நாள் என்னோடு கதைக்கவில்லை. சோறு மூடி வைத்திருக்கும், நான் எடுத்துச் சாப்பிடுவேன். மகன் அழைத்தால், “பழம் வெட்டுறம் மனே” என்று மட்டும் சொல்வாள். மிச்சப் பழத்தை நான் தனியாக இருந்து, எவ்வளவு சின்னதாக முடியுமோ அவ்வளவு சின்னதாக வெட்டி, சாராயம் ஊற்றிப் போத்தலை இறுக்கி வைத்தேன்.

ஐந்தாம் நாள் நான் வேலைக்குப் புறப்படும்போது வாசல் படலையடியில் வந்து நின்றாள். என்னைப் பார்க்காமல் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“அண்டைக்குக் காலத்தால வெயிலா, மந்தாரமா?”

“வெயில். நல்ல வெயில்.”

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு கேள்வி. சாப்பிட்டாளா? பல் விளக்கியிருந்தாளா? காதில் தோடு இருந்ததா? சிலது தெரியும். சிலது தெரியாது. தெரியாததற்கு நல்லதாக ஒரு பதிலைச் சொன்னால் என்ன என்று ஒரு நாள் ஆசை வந்தது. வாயை மூடிக்கொண்டேன். இன்னொரு பொய்யை இந்த வீடு தாங்காது.

முந்தநாள் கேட்டாள், “படலையடியில கிறுகிப் பாத்தவளா?”

இதுதான் எல்லாவற்றிலும் கடினம். மகள் போவதை நான் பார்க்கவில்லை. சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன். வெளியே எட்டிப் பார்த்திருந்தால் ஒழுங்கை முழுக்க அவள் நடந்து போவதைக் கண்டிருக்கலாம்.

“தெரியா. நான் பாக்கல்ல. மத்தப் பக்கம் கிறுகிப் படுத்திட்டன்.”

உள்ளே போனாள். பிறகு நத்தார்க் கொப்பியை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தாள்.

“எல்லாத்தையும் எழுதுங்க. உங்களுக்கு ஏதும் நடந்தா இதுவும் போயிடும். தெரியாதத தெரியா எண்டே எழுதுங்க.”

“எனக்கு எழுதத் தெரியாதே புள்ள.”

“எனக்கு வாசிக்கத் தெரியும்.”

இன்று இறந்த ஆத்துமாக்களின் திருநாள், காலையில் மகளின் கல்லறைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தோம். போகும்போதும் வரும்போதும் அவள் எனக்கு இரண்டடி முன்னால் நடந்தாள். என்னை மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. வந்ததும் அரிசியை ஊறப்போட்டாள். மழைக்கு முதல் மாவை வறுத்து எடுக்க வேண்டும். உரல் இடிக்கிற சத்தம் கேட்கிறது. கொஞ்சத்தில் என்னையும் கூப்பிடுவாள். அதற்குள் இதை முடித்து அவளிடம் கொடுத்துவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

2025 கார்த்திகை (நவம்பர்) 2, ஞாயிற்றுக்கிழமை.