துவாயும் வெப்பக் கமராவும்

மனிதரின் ஆசையைச் சூட்டை வைத்து அளப்பது என் தொழில். என்ன வேலை என்று சொந்தக்காரர் கேட்டால் இருமத் தொடங்குகிறவர்களுக்கு என் பாடு விளங்கும்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு வாடகை வீட்டில்தான் ஆய்வு. கலியாணம் முடித்தவர்கள் சம்மதப் படிவத்தில் ஒப்பமிட்டு, இடுப்பில் கட்டிய துவாயை விலக்கிவிட்டு, தனி அறையில் காதல் படம் பார்ப்பார்கள். ஆசை வந்தால் இரத்தம் ஓடுகிற இடம் சூடாகி, பக்கத்து அறையில் என் திரையில் நீலம் சிவப்பாகும்.

முதல் ஆள்

கிண்ணியாவில் இருந்து மீன் வியாபாரி நானா ஒருவர் வந்தார். அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றவர், கடைசியில் கமராவுக்கு முன்னால் நெற்றியைக் கொண்டுவந்து நீட்டினார். "நானா, நெற்றியை இல்லை, கீழ்ப் பக்கத்தைத்தான் பார்க்கவேணும்" என்றேன். மெதுவாகச் செருப்பைத் தேடினார்.

"தம்பி, அங்க காய்ச்சல் வந்தா நான் எங்கட டொக்டருக்கிட்டயே போவன்."

சிவப்பு

உடம்புச் சூடு சமநிலைக்கு வர, குளிரூட்டிய அறையில் இருபது நிமிடம் சும்மா இருக்கவேண்டும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற அண்ணை ஒருவர் பொறுமையாக இருந்தார். படமும் ஓடியது. திரையில் நீலம் அசையவில்லை. அந்தக் கிழமை முழுக்க இதே கதைதான். இப்படியே போனால் ஆய்வை மூடவேண்டும் என்று அதை நடத்துகிற டொக்டர் அம்மா காலையில்தான் சொல்லியிருந்தார். மூடினால் என் வேலையும் போய்விடும்.

நானும் டொக்டரும் கவலையோடு படிவம் எழுதி நிமிர்ந்தால், திரையில் செக்கச் சிவப்பு! டொக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் ஒலிவாங்கியில், "அண்ணை, எந்தக் காட்சி?" என்று கேட்டேன்.

"காட்சியோ? குளிர் தாங்க ஏலாமல், மனிசி தந்துவிட்ட சுடு பிளேன்டீப் போத்தலைக் கொஞ்சம் மடியில வச்சு எடுத்தனான்."

வீட்டுக்காரி

மீன் குளிர் அறைகளைச் சோதிக்கிறேன் என்றுதான் என் மனிசி வதனியிடம் சொல்லியிருந்தேன். ஆய்வுக்கு ஆள் தேவை என்று பஸ் நிலையத்தில் ஒட்டிய நோட்டீஸில் முகவரி ஆய்வு வீட்டினுடையது, கைப்பேசி இலக்கம் என்னுடையது. லிங்கநகரில் இருக்கிற எங்கள் வீட்டில் இருந்து சந்தைக்கு வந்தவள் அதை வாசித்துவிட்டு நேரே ஆய்வு வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

டொக்டர் அவளைக் கதிரையில் இருத்தி, எல்லாம் ஒளிக்காமல் சொல்லி, கமராவை என் முகத்துக்குத் திருப்பினார். மூக்கு கருநீலம். "பயந்தால் மூக்கு குளிரும் பிள்ளை" என்றார். வதனி திரைக்குக் கிட்டக் கதிரையை இழுத்தாள்.

"பொய் சொல்லேக்க என்ன நிறம் வரும் எண்டு மட்டும் சொல்லுங்கோ டொக்டர், மற்றதை நான் வீட்டில பாப்பன்."

எத்தனையோ பேரின் சூட்டை அளந்து எழுதிவிட்டேன், ஆனால் வதனி சூடாகியிருப்பதை மட்டும் எந்தக் கமராவும் இல்லாமல் வீட்டுக் கேற்றடியிலேயே கண்டுபிடித்துவிடுகிறேன்.