சுவருக்குள் மாட்டிக்கொண்ட பேய்

எண்பதுகளின் தொடக்கத்தில், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில், நான் கொஞ்ச காலம் பேயாக இருந்தேன்.

பதுளைக் கடைவீதியில் என் நண்பன் ஒருவனின் வாப்பாவுக்குத் துணிக்கடை இருந்தது. கடைக்கு மேலே துணிக்கட்டுகள் அடுக்கிய அறைதான் எங்கள் இடம். நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நான் பஸ் ஏறி வந்துவிடுவேன். இன்னொருவன் எங்கள் வகுப்பில் பௌதிகத்தில் முதலாவதாக வருபவன். மழை பெய்கிறது என்று யாராவது சொன்னால், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொள்வான்.

விளையாட்டைக் கொண்டுவந்தவன் துணிக்கடை நண்பன். கப்பலில் வேலை பார்த்த அவனுடைய மச்சான் சொல்லிக்கொடுத்ததாம். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, கதைக்குள் தாங்கள் என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் பகடை தீர்ப்புச் சொல்லும். கதை இதுதான்: பாழடைந்த துரை பங்களா, அதில் ஒரு பூட்டிய அறை, உள்ளே புதையல். துணிக்கடை நண்பன் கதைசொல்லி. பௌதிகக்காரன் துப்பறிவாளன் ஆனான். நான் பேயைத் தேர்ந்தெடுத்தேன். பேயை யாரும் வெட்ட முடியாது. பூட்டும் அதற்குப் பொருட்டில்லை.

"நான் செவத்துக்குள்ள பூந்து அந்தப் பக்கம் போறேன்" என்றேன் பெருமையாக.

"செவத்துல பூந்து போற ஒடம்பு தரையில மட்டும் எப்படிடா நிக்குது?" என்றான் பௌதிகக்காரன். "தரையிலயும் பூந்து கீழதானே போகணும்?"

கதைசொல்லிக்கு அது நியாயமாகப் பட்டது. பகடையைத் தொடக்கூட விடாமல் என்னைப் பூமிக்குள் இறக்கிவிட்டான்.

மறுநாள் தயாராகப் போனேன். "என் பேய்க்கு எடையே இல்ல. அதனால விழாது."

"அப்ப ஒரு ஊது ஊதினா பறந்துரும். நமுனுகுல காத்துக்கு நீ பல மைல் தள்ளி லுணுகலையிலதான் எறங்குவ. ஆமா, ஒம் பேய் கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப அதுக்கும் கண்ணு தெரியாது. வெளிச்சம் கண்ணுக்குள்ள விழுந்து நின்னாத்தானே பார்வை? ஒனக்குத்தான் எதுவும் நிக்காதே."

காற்றை அசைக்க முடியாததால் பேச்சும் வராது என்று முடித்தான். குருடும் ஊமையுமாக நான் லுணுகலையில் கிடந்தேன்.

ஆத்திரம் தாங்காமல் எங்கள் பௌதிக ஆசிரியரிடம் முறையிடப் போனேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் குடையை எடுத்தார். "எங்க விளையாடுறியள்? நட" என்றார்.

மேல் அறையில் ஒரு துணிக்கட்டின்மேல் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். "பேய் நினைச்சால் மட்டும்தான் உடம்பு லேசாகும். நினைப்பு விட்டால் திண்மம். ஆனபடியால் தரையில நிக்கலாம், சுவருக்குள்ளயும் போகலாம்."

"சேர், பாதிச் செவத்துல நினைப்புக் கலைஞ்சா?" என்றான் பௌதிகக்காரன்.

"கலையாது. நான் போய்க் காட்டுறன். பகடையைத் தா." என் பேயை அவரே எடுத்துக்கொண்டார்.

பகடையில் ஒன்று விழுந்தது. ஒன்று என்றால் நினைத்தது பலிக்காது. "சேர், நீங்க செவத்துக்குள்ள மாட்டிக்கிட்டீங்க" என்றான் கதைசொல்லி.

வகுப்பில் குரலே உயர்த்தாத மனிதர் எழுந்து நின்று கத்தினார். "நான் செத்தவனல்லோ! செத்தவன் எப்படியடா சுவருக்குள்ள மாட்டுவான்? என்னை வெளிய விடு!"

கீழே, கல்யாணச் சேலை எடுக்க ஒரு குடும்பமே வந்திருந்தது. கூச்சல் கேட்டு வாப்பா அளவுகோலோடு படியேறி ஓடிவந்தார். பின்னால் கல்யாணப் பெண்ணின் தாயும் இரண்டு அத்தைமாரும்.

"யாரு செத்தது? யாரு மௌத்தானது?" என்றார் வாப்பா மூச்சுவாங்க.

"நான்தான்" என்றார் சேர், பகடையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அத்தைமாரில் ஒருத்தி அலறிக்கொண்டு இறங்கினாள். மற்றவர்களும் சேலைகளை விரித்தது விரித்தபடி போட்டுவிட்டு வெளியேறினார்கள். வாப்பா சேரை மரியாதையாகவும் எங்களை மரியாதையில்லாமலும் கீழே அனுப்பினார்.

விளையாட்டு சேரின் வீட்டுக்கு மாறியது. பேயை அவர் எனக்குத் திருப்பித் தரவே இல்லை. நான் பங்களாவின் காவல்காரன் ஆனேன். பரீட்சை முடிவு வரும்வரை அந்தச் சுவரிலிருந்து அவரை வெளியே எடுப்பது எப்படி என்றுதான் நாங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். சேரின் மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னும் ஆள் வெளிய வரேல்லையோ?" என்று கேட்டுவிட்டுப் போவார்.