பேசின் விளிம்பில ஒட்டின களி

எங்கட வீட்டு நீல பேசின்ர விளிம்பில ஒரு பக்கம் களிமண் காஞ்சு ஒட்டியிருக்கு. போன வருசம் அக்கா கை துடைச்ச களி. அம்மா உடுப்புத் தோய்க்கிற பேசின் அது. ஒவ்வொரு வருசமும் அக்கா அதைத் தூக்கினா அம்மா பின்னால வந்து ஏசுவா, மண் குழைக்க உனக்கு வேற ஏனமே கிடைக்கேல்லையோ எண்டு. அப்பா கால் கழுவின பேசின்தானேம்மா எண்டிட்டு அக்கா வெளிக்கிட்டிருவா.

அப்பாவ அடக்கம் செய்தது கடற்கரைப் பக்கத்துச் சேமக்காலையில. அங்க முழுக்க மணல். எங்களைப்போல சீமெந்தால கட்டாத ஆக்கள் மணலைக் குவிச்சு மேடாக்கி, சிலுவைய நட்டுவிடுறதுதான். மழை வந்தா மேடு கரைஞ்சு தரையோட தரையாயிடும், சிலுவை சாஞ்சிடும். பிறகு சனம் தெரியாம மிதிச்சுக்கொண்டு போகும். அதால சகல ஆத்துமாக்கள் திருநாளுக்கு முதல் எல்லாரும் போய் மேட்டைத் திருத்துவினம்.

களி போடுவம் எண்டது அக்காதான். முதல் வருசம் நாங்கள் ரெண்டு பேரும் மணலே சேர்க்காம வெறும் களியால மேட்டைப் பூசினம். கேக்குக்கு ஐசிங் போட்ட மாதிரி வழுவழுப்பு. பக்கத்துக் குழிக்கு வந்தவை திரும்பித் திரும்பிப் பார்த்தினம், எங்களுக்குப் பெருமை தாங்கேலாது. வெயிலுக்கு அது வெடிச்சுது. வெடிப்புக்குள்ள மழைத்தண்ணி இறங்க, எல்லாம் கூழாகி வழுக்கிப்போய் சிலுவை குப்புறக் கிடந்தது. அப்பாவுக்குச் சேறு பூசிட்டமடி எண்டு அக்கா அழுதுகொண்டே சிரிச்சா.

பிறகுதான் அக்கா மணலுக்குள்ள கொஞ்சங் கொஞ்சமா களி சேர்த்துப் பார்த்தா. வெறும் மணல் ஒண்டையொண்டு பிடிக்காது. கொஞ்சம் களி போனா ஒட்டிக்கொண்டு இறுகும். களி கூடினா மணல் அதுக்குள்ள மிதக்கும், ஈரம் பட்டதும் வழுக்கும். அக்கா இதைச் சொல்றது வேற மாதிரி. "புட்டு மாவடி. தண்ணி காணாட்டித் தூள், கூடினாக் கூழ்." ஒரு பிடி பிடிச்சு முழங்கால் உயரத்தில இருந்து கீழ விடுவா. உதிர்ந்தா களி காணாது. தட்டையாச் சப்பளிஞ்சா கூடிட்டுது. ரெண்டு மூண்டு துண்டா உடைஞ்சாச் சரி.

இந்த வருசம் அக்காவே போயிட்டா. டெங்கு. காய்ச்சல் விட்டிட்டுது எண்டு எழும்பி மகளுக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டவ, அடுத்த நாள் இல்லை. அப்பாவுக்குப் பக்கத்திலதான் வைச்சம். ஐப்பசி மழை மேட்டைக் கரைச்சுப்போட்டுது. பிள்ளைக்கு நாலு வயசு. திருநாளுக்கு அம்மாட்டக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொல்லிட்டன். அங்க போய் எந்த இடம் எண்டு தெரியாம அவளோட நான் தேடிக்கொண்டு நிக்கேலாது.

நான் வேலை செய்யிற வெள்ளவத்தை உடுப்புக் கடைக்குப் பக்கத்தில ஃபிளட் வீடுகள் கட்ட அத்திவாரம் தோண்டினாங்கள். ஆழத்தில இருந்து சாம்பல் களி வந்தது. கேட்டன். "ஓன தரம் கன்ன நங்கி" எண்டார் அங்க நிண்டவர் சிங்களத்தில, வேணுமெண்டளவு எடு தங்கச்சி எண்டு. பேக்கில கட்டிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினா, கொண்டக்டர் இனிப்புத் தொதலோ எண்டு கேட்டுச் சிரிக்கிறார்.

சேமக்காலையில எனக்கு என்ன பிடிச்சுதோ தெரியாது. கொண்டுவந்த களி எல்லாத்தையும் பேசினுக்குள்ள கொட்டினன். கல்லு மாதிரி இருக்கோணும், எந்த மழையும் அக்காவ அசைக்கப்படாது எண்ட வெறி. கூட வந்த அத்தான் பார்த்துக்கொண்டு நிண்டார். அக்கா போனதில இருந்து அவர் கதைக்கிறதே குறைவு. குனிஞ்சு ஒரு பிடி எடுத்தார். முழங்கால் உயரத்தில பிடிச்சு விட்டார். சப்பளிஞ்சு போச்சு.

"இப்ப உன்ர அக்கா ஏசுவாள், என்னையும் சேர்த்து," எண்டார். "மணலைப் போடு, பிள்ளை."

செத்தவீட்டில கூட நான் அப்பிடி அழேல்லை. அழுதழுது மணல் போட்டன். அவர் பிடிச்சுப் பிடிச்சு விட்டுப் பார்த்தார், துண்டாக உடையுமட்டும். பிறகு ரெண்டு பேருமாத் தட்டித் தட்டி இறுக்கினம்.

திருநாளுக்கு முதல் நாள் மழை விடாம ஊத்தினது. விடியப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனன். மேடு கொஞ்சம் தேஞ்சிருந்தது. ஆனா இருந்தது. சிலுவை நேரா நிண்டது. அத்தான்ர விரல் பதிஞ்ச தடம் கூட அழியேல்லை. பிள்ளை அதுக்குள்ள தன்ர விரலை வைச்சுப் பார்த்தாள்.

நேற்று அம்மா பேசினைத் தும்பால தேய்ச்சுக்கொண்டிருந்தா. அக்கா கை துடைச்ச அந்த விளிம்புக்கு வந்த இடத்தில கை நிண்டது. பேசினைத் திருப்பி வைச்சு, மற்றப் பக்கத்தைத் தேய்ச்சா.