விளிம்புக்கு அடியில் இருந்த நிறம்

படம் அச்சிட்டுச் சட்டம் போடும் அந்தக் கடையில் அவளுக்குக் கேள்விக்குறி என்று பெயர். வைத்தவர் முதலாளி. எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பாளாம். வீட்டிலும் அதே கதைதான். புகைப்படக் காகிதங்களில் வகைக்கு ஒரு துண்டு அச்சிட்டு, பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து, சமையலறை ஜன்னலில் ஒட்டி வைத்திருந்தாள். நூறு வருஷம் நிறம் மாறாது என்று உறையில் மார்தட்டிய காகிதம் ஒரே கோடையில் பல்லிளித்ததை அங்கேதான் கண்டுகொண்டாள். "ஜன்னலுக்கு என்ன அடிபட்டுச்சு, இவ்ளோ பிளாஸ்திரி போட்டிருக்கே?" என்பார் பேருந்து ஓட்டுநரான கணவர்.

அன்று காலை கடைக்கு ஓர் அம்மா வந்தார். துணியில் சுற்றியிருந்த சட்டமிட்ட படத்தை மேசைமேல் வைத்துப் பிரித்தார். மகளின் படம். சலவை ஆலையில் வேலை பார்த்தவள். பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டிய இயந்திரம் அவளை உள்ளே இழுத்துக்கொண்டது. விதி என்றார்கள் ஆலைக்காரர்கள். மூடியைக் கழற்றச் சொன்னவன் வாய்க்கு விதி என்று பெயர் வைத்துவிட்டால் வழக்கும் இல்லை, வெட்கமும் இல்லை.

படம் இந்தக் கடையில் அச்சானதுதான். சில வருடங்களுக்குள் முகம் செங்கல் நிறமாகி, கண்கள் கரையத் தொடங்கியிருந்தன. அக்கம்பக்கத்தில் அதற்கும் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். மகளைப் பறிகொடுத்த அடுத்த வாரமே இந்த அம்மா வேலைக்குப் போய்விட்டாராம், சரியாக அழவில்லையாம், அந்தக் கோபத்தில் பெண் முகத்தை மறைத்துக்கொள்கிறாளாம். அந்த அம்மாவின் கூடப் பிறந்த அண்ணனே படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டார். வேறு படம் கிடையாது. மகளின் கைபேசியும் அவளோடு நசுங்கிப்போயிற்று.

"இன்னும் கொஞ்ச நாள்ல மொத்தமா போயிடுவா, தங்கச்சி. நான் என்ன குறை வெச்சேன்னுதான் தெரியல."

அந்த முகம் கடையின் பழைய கணினியில், டிசைன் கோப்பு ஒன்றுக்குள் பத்திரமாக இருந்தது. ஆனால் புதிய மென்பொருள் அந்தக் காலத்துக் கோப்பைத் திறக்காது. பழைய மென்பொருளோ ஒரு வாரமாக அடம்பிடித்தது. முகப்புப் படம் வரும், கொஞ்ச நேரம் நிற்கும், பிழைச் செய்தி காட்டி மூடிக்கொள்ளும். நேரம் சரியில்லை என்று முதலாளி தீர்ப்பளித்துவிட்டு, கணினியையே சுத்தமாக அழித்துப் புதிதாகப் போடச் சொல்லியிருந்தார். அழித்தால் கோப்பும் சேர்ந்து போகும்.

அவள் அந்தக் கணினி முன் உட்கார்ந்தாள். மென்பொருளின் அமைப்புகள் கோப்பை ஒதுக்கிவிட்டுத் திறந்து பார்த்தாள், இல்லை. எழுத்துருக்களைப் பாதி பாதியாக விலக்கிப் பார்த்தாள்; இல்லை. போன வாரம் இங்கே என்ன மாறியது? பழைய பிரிண்டரை விற்றார்கள். புதியதை வாங்கிப் பக்கத்துக் கணினியில் மாட்டினார்கள். இந்தக் கணினிக்கு அதை யாரும் சொல்லவில்லை. மென்பொருள் எழுந்ததும் போய்விட்ட பிரிண்டரைக் கூப்பிடும், பதில் வராது, விழுந்துவிடும். அந்தப் பெயரை நீக்கிப் புதிய பிரிண்டரை வைத்தாள். மென்பொருள் திறந்தது. கோப்பும் திறந்தது. திரையில் அந்தப் பெண் பல் தெரியச் சிரித்தாள்.

அந்த அம்மா திரையைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டார்.

முதலாளி அவளை உள்ளறைக்கு அழைத்தார். வெயில் பட்டுக் கெட்டது என்று சொல்லிவிடு, புதிதாக ஒன்று அச்சிட்டுக் கொடுத்து அனுப்பு என்றார். மட்டமான பளபளக் காகிதத்தை உசத்தி என்று விற்றது வெளியே தெரிந்தால், மாட்டிய படமெல்லாம் வரிசையாகத் திரும்பி வருமே என்பது அவர் கவலை. வெயில் என்பது முழுப் பொய்யும் அல்ல. பாதி உண்மை. அந்தப் பாதியைச் சொன்னால், வெயிலில் மாட்டிய குற்றமும் தாய் தலையில் ஏறும்.

"அவங்க தலையில ஏற்கெனவே நிறைய ஏத்தியாச்சு சார். நாமளும் ஏத்தணுமா?"

"கடைய மூடிட்டு ரெண்டு பேரும் கேள்வி கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கலாமா?"

வேலை போனாலும் போகும் என்று அவளுக்குத் தெரியும். வெளியே வந்தாள். திருப்புளியை எடுத்துச் சட்டத்தைக் கழற்றினாள். கண்ணாடி இல்லாத சட்டம். அதன் விளிம்பு மூடியிருந்த இடத்தில், ஒரு விரல் அகலத்துக்கு, பெண்ணின் சட்டை அசல் நீலமாக இருந்தது.

"பாருங்கக்கா. காத்தும் வெளிச்சமும் படாத இடம் அப்படியே இருக்கு. உங்க பொண்ணு கோவிச்சுக்கிட்டிருந்தா இந்த ஓரத்தை மட்டும் விட்டுவெப்பாளா? காகிதம் மட்டம், மையும் மட்டம். நல்லதுன்னு சொல்லி வித்தது எங்க கடை."

முதலாளி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. நீலத்தின்மேல் விரலை வைத்தபடி இருந்தார்.

"அப்ப நான் அழுததுக்கும் அழாததுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"இல்லக்கா."

பிறகுதான் இரண்டு தாள்களை எடுத்து முன்னால் வைத்தாள். ஒன்று பளீர் வெள்ளை. அந்த வெள்ளை ரசாயனத்தின் வேலை, அது செத்தால் மஞ்சளாகும் என்றாள். மற்றது அமிலமில்லாத பருத்திக் காகிதம். தடிப்பு, லேசான பழுப்பு, மினுக்கல் கிடையாது. புதிய பிரிண்டரின், எளிதில் வெளிறாத நிறமி மை அதில் ஆழமாகப் பிடிக்கும். படத்தில் ஒட்டாதபடி முன்னால் கண்ணாடியும் வைப்பார்கள். எத்தனை வருஷம் தாங்கும் என்று அம்மா கேட்டார். இந்தக் காகிதம் தன் ஜன்னலில் இரண்டு கோடை பார்த்துவிட்டது, மை புதிது, அதற்குமேல் தனக்குத் தெரியாது என்றாள். தெரியாது என்ற சொல்லைக் கேட்ட பிறகே அந்த அம்மா பருத்தித் தாளைத் தன் பக்கம் இழுத்தார்.

அச்சு மெல்ல மெல்ல வெளியே வந்தது. நெற்றி, கண், சிரிப்பு.

"நாளைக்கு ஊரே படத்தைத் தூக்கிட்டு வரப்போகுது" என்று முனகினார் முதலாளி.

"வரட்டும் சார். தாளு நிறைய வாங்கிப் போடுங்க."

அவர் கண்ணாடியை வெட்டப் போனார்.

நேர் வெயில் படாத சுவராகப் பார்த்து மாட்டச் சொல்லி, கோப்பின் நகலையும் கொடுத்தாள். அந்த அம்மா படத்தைத் துணியில் சுற்றவில்லை. முகம் வெளியே தெரியும்படி மார்போடு பிடித்துக்கொண்டார்.

"முன்னறையில, உள்ள வர்றவங்க எல்லாரும் பாக்குற மாதிரி மாட்டப்போறேன். எங்க அண்ணனைத்தான் ஆணி அடிக்கச் சொல்லணும்."